கந்தகக் கந்தோர்

வல்லிபுரத்தார் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஓட வேண்டும், அவ்வளவுதான்.

ஐம்பத்தாறு வயதில் ஓட்டப்போட்டிக்குப் பெயர் கொடுக்கும் ஆசையெல்லாம் அவருக்கு வரவில்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஈச்சஞ்சேனை என்கிற ஊரில் அவர் வீடு. அந்த ஊரில் பீரங்கி ஷெல் விழத் தொடங்கினால் சனம் முழுவதும் அரைக் கட்டை, அரை மைல் தூரம் ஓடிப்போய்க் குளக்கட்டுக்குப் பின்னால் படுத்துக்கொள்ளும். வல்லிபுரத்தாருடைய இரண்டு முழங்காலும் நாலு வருசமாகப் பூட்டிக் கிடந்தன. தடியை ஊன்றினால் நடப்பார். ஆனால் அந்த அரைக் கட்டையைக் கடக்க அவருக்கு அரை மணி நேரம் வேண்டும். ஷெல் அடிப்பவர்கள் அவ்வளவு நேரம் பொறுப்பதில்லை.

தான் செத்தால் போகட்டும் என்று அவர் எப்போதோ ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பிரச்சினை அவருடைய பெண்சாதி கண்ணகை. அவளுடைய கால்களில் ஒரு குறையும் இல்லை. ஊரிலேயே விறுவிறென்று நடப்பவள் என்று பெயர் எடுத்தவள். ஆனால் முதல் சத்தம் கேட்டதும் புருசனுக்குப் பக்கத்தில் வந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள்.

"நீ ஓடு புள்ள. என்னப் பாக்காத," என்பார்.

"ஓடி அங்க ஆரோட கதைக்கிற?" என்பாள்.

பிறகு பசுமாட்டைப் பற்றியோ பக்கத்து வளவுக் கலியாணத்தைப் பற்றியோ கதைக்கத் தொடங்குவாள். கூரை ஓடு அதிரும். அவள் குரல் அதிராது. வல்லிபுரத்தாருக்கு அழுகை வரும். தன்னுடைய இரண்டு முழங்காலுக்காக இவளும் அல்லவா சாகப்போகிறாள் என்ற வெட்கம். அவளை ஓட வைக்க ஒரேயொரு வழிதான் இருந்தது. அவர் ஓட வேண்டும்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு மாசி மாதம் அந்த வழி ஒரு வெள்ளைப் போத்தலில் வந்து சேர்ந்தது. கொடுத்தவர் காத்தான்குடிச் சரீப். இருபது வருசமாக வல்லிபுரத்தாரின் நெல்லை வாங்குகிறவர். நடுவில் நாடு கெட்டு, ஒருவர் தெருவுக்கு மற்றவர் போக அஞ்சிய நாட்களிலும், வாவிக்கு நடுவே தோணியை நிறுத்தி மூட்டை மாற்றிக்கொண்டவர்கள் இருவரும்.

"மருமகன் கட்டார்ல இரிந்து ரெண்டு போத்தல் அனுப்பின," என்றார் சரீப். "ஒண்ட நான் என்ட இடுப்பு நாரிப்பிடிப்புக்குத் திண்டு முடிச்சிட்டன். கொஞ்சம் வாசிதான், நோவு குறைவு. இத நீ கொண்டு போ."

"என்ன மருந்து காக்கா?"

"கந்தகக் குளிசை. இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி மனிசண்ட உடம்புக்குள்ளயும் துரு ஏறுதாம். இது அந்தத் துருவக் குறைக்குமாம். மூட்டு இளகுமாம்."

"மெய்தானா?"

"ஆருக்குத் தெரியும். அறுவது குளிசை இரிக்கு. திண்டு பாரு."

வல்லிபுரத்தார் போத்தலை மடியில் கட்டிக்கொண்டு பாலத்துக்கு வந்தார். பாலத்து ஆமிக் காவலரணில், சென்றியில், ஒரு பலகை தொங்கியது. அந்தப் பக்கம் கொண்டு போகக்கூடாத பொருட்களின் பட்டியல் அதில் இருந்தது. பதினேழாவதாகக் கந்தகம். சென்றியில் நின்ற பொடியன் மரியாதையானவன். போத்தலில் இருந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசித்து, முகம் மாறி, அதை ஒரு மணல் வாளிக்குள் இறக்கிவைத்துவிட்டு, ஒரு துண்டு எழுதிக் கொடுத்தான். "ஐயா, கந்தோர் போங்க," என்றான்.

கந்தோர், அதாவது அந்த அலுவலகம், புளியந்தீவில் இருந்தது. 'வாவி கடக்கும் கனிமப் பொருட்கள் ஒழுங்குபடுத்தற் கிளை' என்று மூன்று மொழியில் பலகை போட்டிருந்தார்கள். அதை முழுவதும் வாசித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கியதால் சனம் கந்தகக் கந்தோர் என்று சொல்லிக்கொண்டது. அதன் தலைவர் அருமைநாயகம். சட்டைப்பையில் நாலு பேனை வைத்திருப்பார். நாலிலும் மை இல்லை என்று கிளாக்கர் இராசதுரை பிற்பாடு காதோடு சொன்னார்.

"உட்காரும்," என்றார் அருமைநாயகம். "இந்தக் கிளை திறந்து நாலு வருடம். ஆயிரத்து நூறு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. இன்று வரை ஒரு பிழையான அனுமதிகூட நாங்கள் வழங்கியதில்லை."

"எத்தின அனுமதி குடுத்தீங்க ஐயா?"

"ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அதில் எது பிழை என்று யார் கண்டது."

வல்லிபுரத்தாருக்கு அதில் நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. படித்தவர்கள் சொன்னால் அவருக்கு எப்போதும் அப்படித்தான் படும்.

அருமைநாயகம் மணல் வாளியோடு வந்து சேர்ந்திருந்த போத்தலின் முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "ஒட்சியேற்ற அழுத்தத்தைக் குறைக்கும், அசைவுக்குத் துணைபுரியும் என்று போட்டிருக்கிறது. ஒட்சிசன், அழுத்தம், கந்தகம். மூன்றும் ஒரே போத்தலில். நீர் இரசாயனம் படித்தவரா?"

"அஞ்சாம் வகுப்போட நிண்டுட்டன் ஐயா."

"நல்ல காலம். படித்திருந்தால் உம்மைப் பாலத்திலேயே மறித்து வைத்திருப்பார்கள். சரி, இதை ஏன் கொண்டு போகிறீர்?"

"ஓடுறதுக்கு ஐயா."

"எதற்கு ஓட வேண்டும்?"

"ஷெல் விழக்குள்ள."

இராசதுரையின் பேனை நின்றது. அருமைநாயகம் கதிரையில் சாய்ந்துகொண்டு குழந்தைக்குச் சொல்வதைப்போல மெதுவாகச் சொன்னார். "அப்படி எழுத முடியாது. எழுதினால் ஷெல் விழுகிறது என்று இந்தக் கிளை ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஏற்றுக்கொண்டால் எங்கே விழுந்தது, யார் அடித்தார்கள் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் வர வேண்டும். இராசதுரை, 'பொதுவான சுறுசுறுப்புக்காக' என்று போடும்."

வல்லிபுரத்தார் தலையைச் சொறிந்தார். அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. குறும்பாக அல்ல, மெய்யாகவே இருந்தது. "ஐயா, போன கிழமை எங்கட வளவுக்குப் பின்னால விழுந்த ஷெல்லும் மூணு நாளாக் கந்தகம் மணந்திச்சு. அதுக்கு ஆரு ஐயா அனுமதி குடுத்த?"

"அது ஆகாயத்தால் போனது," என்றார் அருமைநாயகம், சற்றும் கோபிக்காமல். "ஆகாயம் எங்கள் கிளைக்குள் வராது. நாங்கள் பாலத்துக்கு மட்டும்தான் பொறுப்பு."

ஏழு பிரதியில் விண்ணப்பம் எழுதினார்கள். பங்குனியில் அவரை ஒரு குழு விசாரித்தது. "எப்படி வந்தீர்?" என்று கேட்டார்கள். "நடந்துதான்," என்றார். நடக்கக்கூடியவருக்கு மருந்து தேவையில்லை என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்த தவணைக்கு அவர் தனக்குப் பதிலாகச் சரீப்பை அனுப்பினார். விண்ணப்பதாரர் சமூகமளிக்கவில்லை, அக்கறையற்றவர் என்று எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் தவணைக்குச் சரீப்பின் சைக்கிள் கரியலில் வந்து இறங்கினார். வாகன வசதி உள்ளவர் என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்தக் குழுவில் இரசாயனம் படிப்பிக்கிற வாத்தியார் ஒருவரும் இருந்தார். பாவம், நல்ல மனிசன். கந்தகம் அப்படியொன்றும் பயங்கரமான சாமான் இல்லை, முட்டையிலும் உள்ளிப்பூண்டிலும் வெங்காயத்திலும்கூட இருக்கிறது என்று வல்லிபுரத்தாருக்கு உதவியாக ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். அடுத்த திங்கட்கிழமை தொடக்கம் வாவி கடக்கும் முட்டைக்கும் உள்ளிக்கும் வெங்காயத்துக்கும் அனுமதி வேண்டுமென்று பலகையில் ஏற்றிவிட்டார்கள். படுவான்கரையில் உள்ள கோழிகள் எவருடைய அனுமதியும் இல்லாமல் கந்தகம் உற்பத்தி செய்கின்றனவா என்று அறிக்கை கேட்டுக் கடிதமும் போனது. பாலத்தில் கையில் வெங்காயப் பையோடு வெயிலில் நின்ற சனம் வல்லிபுரத்தாரைப் பார்த்த பார்வையில் அவருக்குக் கூசியது.

ஆனி மாதம் முடிவு வந்தது. போத்தலைக் கொடுக்க முடியாது. ஆனால் கிளை ஈவிரக்கம் இல்லாதது அல்ல. போத்தல் கந்தோரின் இரும்புப் பெட்டியில், நாலு மண்மூட்டைக்கு நடுவே இருக்கும். விண்ணப்பதாரர் ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு நேரில் வந்து, தலைவர் முன்னிலையில் ஒரு குளிசையை விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுப் போகலாம்.

ஈச்சஞ்சேனையிலிருந்து புளியந்தீவுக்கு ஆறு கட்டை. வல்லிபுரத்தார் வெள்ளெண நாலு மணிக்குத் தடியை எடுப்பார். உழவு மிசின் ஏதாவது வந்தால் பெட்டியில் தொங்குவார், வராவிட்டால் நடை. பாலத்தை எப்படியும் எல்லாரும் நடந்துதான் கடக்க வேண்டும். பத்து மணிக்குக் குளிசை. பின்னேரம் நாலு, நாலரைக்கு ஊர் முனை ரோட்டில் அவர் தலை தெரியும். கண்ணகை அங்கே வந்து நிற்பாள்.

"ஓட வைக்கிற மருந்துக்கு இந்த நடையா?" என்றாள் ஒருநாள், அவர் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே. "விட்டுத் துலைங்க. இரிந்த கால் ரெண்டும் போயிரும்."

"அறுவதுதான் புள்ள. முடியட்டும்."

வாவியின் அந்தப் பக்கத்து இயக்கப் பொடியன்மாருக்கும் ஒரு கொட்டிலும் ஒரு கொப்பியும் இருந்தன. ஒவ்வொரு நாளும் எதிரியின் கையால் என்னத்தை விழுங்குகிறாய், அதற்குப் பதிலாக என்ன சொல்லிவிட்டு வருகிறாய் என்று அவர்களும் அவரை மறித்துக் கேட்டு எழுதினார்கள். நாக்கை நீட்டிக் காட்டினதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்றார். அங்கேயும் நீட்டிக் காட்டச் சொன்னார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு நாக்கு நீட்டுகிற பாக்கியம் எல்லாருக்கும் கிடைக்குமா என்ன.

முதல் மூன்று கிழமை முழங்கால் இரண்டும் உயிரை எடுத்தன. பிறகு, குளிசையால்தானோ, இந்தக் கேடுகெட்ட நடையால்தானோ, மூட்டு மெல்ல இளகத் தொடங்கியது. கிளை முந்திக்கொண்டு மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியது. 'மாதம் ஒருமுறை பாலம் கடந்த விண்ணப்பதாரர் இப்போது நாளுக்கு இருமுறை கடக்கிறார். நடமாட்டம் அறுபது மடங்கு அதிகரித்துள்ளது. இது கிளையின் சாதனையாகும்.'

சாதனை கண்ணில் பட்டதும் மேலிடம் கேள்வி கேட்டது. விழுங்கிய கந்தகம் எங்கே?

அருமைநாயகம் ஆடிப்போய்விட்டார். இருபத்தேழு நாட்களாகத் தடைசெய்யப்பட்ட ஒரு பொருள் அவருடைய கண் முன்னாலேயே விழுங்கப்பட்டு, ஒரு மனிசனுடைய வயிற்றில் ஏறிப் பாலத்தைக் கடந்திருக்கிறது. அன்று பத்து மணிக்கு வந்த வல்லிபுரத்தாரை அவர் முன்பு பார்த்ததுபோலப் பார்க்கவில்லை. போத்தலைப் பார்த்த பார்வைதான்.

"நீர் இப்போது விண்ணப்பதாரர் அல்ல," என்றார். "நீர் ஒரு கொள்கலன்."

"எனக்குக் குளிசை வேணாம் ஐயா. நான் வீட்ட போறன்."

"போகலாம். வாத்தியாரைக் கேட்டிருக்கிறோம். உடம்பில் உள்ளது கழிய பன்னிரண்டு நாள் வேண்டுமாம். அதுவரை நீர் வாவியின் இந்தப் பக்கத்திலேயே கழிக்க வேண்டும்."

கந்தோர் விறாந்தையில் ஒரு நீட்டு மரவாங்கு இருந்தது. அதில் படுத்தார். சோறு சரீப் கொண்டு வந்தார். கக்கூசுக்குப் போனால் நேரம் குறித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். கண்ணகைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பாலம் கடக்கும் கடிதங்கள் வாசிக்கப்பட்ட பிறகுதான் போகும். வாசிக்கிறவர் லீவில் இருந்தார்.

எட்டாம் நாள் பின்னேரம் மேற்கே சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியாத அளவு. வாவித் தண்ணீர் மேலால் வந்த அதிர்வு வாங்கின் பலகையில் தெரிந்தது. வல்லிபுரத்தார் எழுந்து உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் நாலு வருசத்தில் முதல் தடவையாக ஷெல் சத்தத்தைக் கேட்டு அவருக்கு நெஞ்சு ஆறியது. நான் அங்கே இல்லை, இன்றைக்கு ஓடியிருப்பாள், இந்நேரம் கட்டுக்குப் பின்னால் படுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். கந்தோர்க்காரர் செய்த நல்ல காரியம் இது ஒன்றுதான் என்று அருமைநாயகத்தை வாழ்த்தவும் செய்தார்.

அடுத்த நாள் காலை சரீப் சோறு இல்லாமல் வந்தார்.

"வல்லிபுரம், பதறாத. கண்ணகைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திரிக்காங்க. உசிருக்கு ஒண்டுமில்ல."

"மறுகா? வேற என்ன?"

"கால்," என்றார் சரீப்.

வல்லிபுரத்தார் ஓடினார். தடி வாங்கடியில் கிடந்தது. படி இறங்கி, ரோட்டைக் கடந்து, சைக்கிள்களுக்கு நடுவே, ஐம்பத்தாறு வயது மனிசன், சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அருமைநாயகம் மேல்மாடி யன்னலால் அதைக் கண்டார். கண்டதும் இராசதுரையைக் கூப்பிட்டு எழுத வைத்தார். 'காலை ஒன்பது நாற்பது. விண்ணப்பதாரர் ஓடினார். நோக்கம் முற்றாக நிறைவேறியது. எஞ்சிய முப்பத்து மூன்று குளிசைகளும் பறிமுதல் செய்யப்படுகின்றன.'

கண்ணகையின் இடது காலை முழங்காலோடு எடுத்திருந்தார்கள். இடுப்புக்குள் ஒரு துண்டு இரும்பு இருந்தது. அதைத் தோண்டினால் ஆபத்து, கிடக்கட்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"நீ ஓடேல்லயா?" என்று கேட்டார் வல்லிபுரத்தார்.

"ஓடினன்," என்றாள். "நாலரை மணி. நீங்க வாற நேரம். எட்டு நாளாக் காணேல்ல, அண்டைக்கு எண்டாலும் வருவீங்க எண்டிருந்தன். தனிய அம்பிட்டுக்குவீங்க எண்டு ரோட்டுக்கு ஓடினன்."

அவர் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருசமும் அவளை எந்தக் காரியத்துக்குக் கெஞ்சினாரோ அதைத்தான் அவள் செய்திருந்தாள்.

ஆவணி கடைசியில் அவளைக் கூட்டிக்கொண்டு போகும்போது பாலத்தில் அந்த மரியாதைக்காரப் பொடியன் கையில் ஒரு கருவி வைத்திருந்தான். அது அவளுடைய இடுப்பருகே போனதும் கீச்சிட்டது. வந்தபோது கீச்சிடவில்லையா என்றால், வருவதைப் பார்க்க அங்கே ஆளில்லை, போவதைத்தான் பார்ப்பார்கள். இரும்பில் வெடிமருந்துத் தூள் ஒட்டியிருக்கலாம், தூளில் கந்தகம் இருக்கலாம். "ஐயா, கந்தோர் போங்க," என்றான். சொல்லிக்கொண்டே துண்டை எழுதினான்.

அருமைநாயகம் இரண்டு கதிரை போடச் சொன்னார். "இந்தப் பொருள் உமக்கு எங்கே கிடைத்தது?" என்று கண்ணகையைக் கேட்டார்.

"ஷெல் விழுந்து ஐயா."

"முன்பே உமது கணவருக்கு விளக்கியிருக்கிறேன். 'உள்ளூரில் பெறப்பட்டது' என்று போடுவோம். எந்த ஊர்?"

"ஈச்சஞ்சேனை."

அருமைநாயகத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அவர் எழுந்தே நின்றுவிட்டார். "இராசதுரை, கவனித்தீரா? இது வாவி கடந்து புதிதாகப் போகும் பொருள் அல்ல. பெற்ற இடத்துக்கே திரும்பிப் போகும் பொருள். இதற்கு அனுமதி மறுக்க விதியே இல்லை."

அப்படியாகக் கந்தகக் கந்தோர் தன்னுடைய முதலாவது அனுமதியை வழங்கியது. ஒரு படம்பிடிப்பவரை அழைத்தார்கள். ஊன்றுகோலோடு கண்ணகையை நடுவில் நிறுத்தினார்கள். அருமைநாயகம் பேசினார். "எங்களிடம் மனிதாபிமானம் இல்லை என்று சொல்கிறவர்கள் இந்த அம்மாவைப் பார்க்கட்டும். இன்று இவர் தமது உடைமையைத் தம்மோடு எடுத்துச் செல்கிறார். எவரும் தடுக்க மாட்டார்கள்." வாத்தியார் மட்டும் கை தட்டாமல் வெளியே போய்விட்டார்.

ஐப்பசி முதற்கிழமை, விளக்கு வைக்கிற நேரம், மறுபடியும் தொடங்கியது. சனம் ஓடியது. வல்லிபுரத்தாருடைய முழங்கால்கள் இப்போது ஒரு சத்தமும் போடுவதில்லை. குளக்கட்டுக்கு ஆறு நிமிசத்தில் போய்விடுவார். ஒருநாள் போய்ப் பார்த்தும் இருந்தார். கண்ணகையைத் தோளில் போட்டும் பார்த்தார். பத்தடியில் அந்த இரும்பு உள்ளே குத்தி அவள் மயங்கிப் போனாள்.

"போங்க," என்றாள் பாயிலிருந்து. "உங்கட கால் சரியாப் பெயித்துத்தானே. என்னத்துக்கு நிக்கிறீங்க?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஓடுங்க எண்டு சொல்றன்." அவள் அவருடைய தோளில் கையை வைத்துத் தள்ளினாள். அவர் அசையவில்லை. மறுபடி தள்ளினாள். ஒருநாளும் அழாதவள் அழத் தொடங்கினாள். ஏதாவது கதைக்க வேண்டும் என்று வல்லிபுரத்தாருக்குத் தெரிந்தது. அவளுக்கு வந்ததுபோல அவருக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

இரண்டாவது ஷெல் முதலாவதைவிடக் கிட்ட விழுந்தது.